ஒரு சாட்சி போதும்

என் மேசை லாச்சிக்குள் ஒரு சிவப்புப் பென்சில் கிடக்கிறது. சுண்டுவிரல் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. கடையில் வேலை செய்கிற பிள்ளைகள் குப்பை என்று எறியப் பார்ப்பார்கள். "கை வைச்சுப் பாருங்கோ, தெரியும்!" என்று சத்தம் போடுவேன். அது ரப்பி தந்தது.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் எங்களுடையது சின்ன அச்சுக்கடை. கலியாணக் கார்டு, சாமத்தியவீட்டுக் கார்டு, கோயில் நோட்டீஸ், அந்தியேட்டி அழைப்பு, இவைதான் வேலை. ரப்பி, அதாவது யூத மதகுரு ஒருவர், அங்கே ஏன் வந்தார் என்று கேட்டால், மலிவு, வேறு காரணம் இல்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கமிருந்து கறுப்புத் தொப்பியும் பிளாஸ்டிக் பையுமாக நடந்தே வருவார். அவர்களுடைய பழைய சட்ட நூலுக்கு, சாதாரணச் சனத்துக்கும் விளங்கட்டும் என்று பிரெஞ்சில் உரை எழுதிக்கொண்டிருந்தார். மூலம் நடுவில், உரை சுற்றிவர. அதைப் பக்கமாக அடுக்கிக் கொடுப்பது என் பொறுப்பு.

முதல் நாளே பென்சிலைத் தந்து, "மதாம், வாசிக்கும்போது எங்கே தடுக்குகிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள்" என்றார். உங்கள் சட்டத்தில் எனக்கு ஆனா ஆவன்னாவும் தெரியாது என்றேன். "அதனால்தான் கேட்கிறேன். தெரிந்தவர்கள் எங்கேயும் நிற்க மாட்டார்கள்" என்றார். கோடு விழுந்த பந்தியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்ப எழுதுவார். மறுபடி அடுக்க வேண்டுமே என்று எனக்கு விசர் வரும்.

ஆனால் அவர் உரை சொல்லும் விதம் எனக்குப் பிடித்துப்போனது. சட்டம் என்ன சொல்கிறது என்று தொடங்கவே மாட்டார். இந்தக் கேள்வியோடு முதன்முதலில் வந்து நின்ற ஆள் யார், அவருக்கு என்ன கஷ்டம் என்றுதான் தொடங்குவார். மாடு முட்டிய வழக்கென்றால் முதலில் முட்டு வாங்கியவனின் வீட்டுக்குள் நம்மைக் கூட்டிக்கொண்டு போவார். "கேட்டவரின் முகம் தெரியாமல் பதிலை வாசித்தால் அது வெறும் கட்டளை" என்பார். விளங்காத இடத்தில் 'எனக்குத் தெரியவில்லை' என்று எழுதிவிட்டுக் கூச்சமில்லாமல் அடுத்ததற்குப் போவார்.

ஒருநாள் கொண்டுவந்த பந்தியில் ஒரு பெண் நின்றாள். தூரதேசம் போன கணவன் திரும்பவில்லை. இருக்கிறானா, இல்லையா, தெரியாது. அவள் மனைவியா, விதவையா? மற்ற வழக்குகளில் இரண்டு சாட்சி வேண்டும் என்று விடாப்பிடியாக நின்ற அந்தக் காலத்து அறிஞர்கள் இந்த இடத்தில் இறங்கி வந்தார்களாம். ஒரு சாட்சி போதும். அவன் இன்னொருவர் சொல்லக் கேட்டதைச் சொன்னாலும் போதும். அவள் மறுபடி வாழ வேண்டும் என்பதற்காக, என்று ரப்பி எழுதியிருந்தார். நான் போட்ட கோட்டில் தாள் கிழிந்துவிட்டது.

என் அக்கா நகருக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் இருந்தாள். அத்தான் வன்னியில், கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். அக்கா காலையில் பொட்டு வைத்துக்கொண்டு வேலைக்குப் போவாள், வருவாள். அவள் வேலை செய்த உணவகத்தில் ஒரு நல்ல மனிதர் அவளைக் கலியாணம் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். "அவர் வந்து நிண்டால் நான் என்ன முகத்தோடை பாக்கிறது?" என்பாள். ஓம் என்றும் சொல்லமாட்டாள், இல்லை என்றும் சொல்லமாட்டாள்.

இதை ரப்பியிடம் சொன்னேன். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "கடைசியாகக் கண்டவர் யார்?" என்று கேட்டார். "சாட்சியைத் தேடுவது அவளுடைய வேலை இல்லை, மதாம். சுற்றி இருக்கிறவர்களுடைய வேலை."

சுருக்கென்றது. ஏனென்றால் எனக்கு ஒருவர் மேல் சந்தேகம் இருந்தது. பக்கத்து மரக்கறிக் கடை அண்ணை. அவரும் அத்தானின் ஊர்தான், அந்தச் சண்டைக்குள் அதே பாதையால் தப்பி வந்தவர்தான். அக்காவின் பேச்சு எடுத்தால் மட்டும் கத்தரிக்காயை அடுக்கத் தொடங்கிவிடுவார். நேரே போய்க் கேட்டேன்.

"தங்கச்சி, நான் முழுசாக் காணேல்லை" என்றார். "செல் விழுந்து வெடிச்சது கண்டனான். அவர் சரிஞ்சதும் கண்டனான். கிட்டப் போய்ப் பாக்கேல்லை, ஓடியிட்டன். அரைகுறையாச் சொல்லி ஒரு பொம்பிளையின்ரை பொட்டை நான் அழிக்கிறதோ?"

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அவருடைய முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனேன். "அரைகுறை எண்டாலும் வந்து சொல்லுங்கோ அண்ணை. ஒரு சாட்சி போதும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"என்ன சேட்டுப் போட்டிருந்தவர்?"

"நீலக் கோடு போட்டது, பிள்ளை."

அது அவள் வாங்கிக் கொடுத்த சேட்டு. ஐயோ என்று அவள் வைத்த ஓலத்துக்குக் கீழ் மாடிக்காரர் ஓடி வந்தார்கள். அழுது ஓய்ந்து, முகம் கழுவி வந்து, "இருந்து தேத்தண்ணி குடியுங்கோ அண்ணை. இவ்வளவு காலமும் எனக்கு அழவும் வழியில்லாமல் கிடந்தது" என்றாள்.

அத்தானுக்குச் செய்யவேண்டிய கிரியைகளைச் செய்தோம். பிறகு, அவசரப்படாமல், காத்திருந்த மனிதருக்கு அக்கா ஓம் சொன்னாள். ரப்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தக் கிழிந்த தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். புத்தகத்தில் இப்போது அந்தப் பந்தி இப்படி இருக்கிறது: 'அவள் மறுபடி வாழ வேண்டும் என்பதற்காக என்று முதலில் எழுதினேன். பிழை. அதற்கு முன்னால் அவள் அழ வேண்டும்.'

போன குளிர்காலத்தில் ரப்பியின் மகள் கடைக்கு வந்தாள். அப்பா இறந்துவிட்டார், உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது என்றாள். என் வாயில் வந்தது இதுதான்: "கடைசியாக என்ன உடுப்புப் போட்டிருந்தார்?" அந்தப் பிள்ளை முழித்தாள். பிறகு, வீட்டில் போடுகிற பழைய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை என்றாள். நான் லாச்சியைத் திறந்து பென்சிலைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதேன்.