தன்னைத் தேடி வந்தவர்களுக்குக் கமரா கொடுத்த கதை

கமராவைத் தூக்கிப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு தலைவிதி உண்டு: ஒருவருக்குத் தன் முகம் பிடிக்காவிட்டால் அதற்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். மூக்கு பெரிதாக விழுந்தால் நம் குற்றம், வயது தெரிந்தால் நம் குற்றம், மாப்பிள்ளை சிரிக்காவிட்டால் அதுவும் நம் குற்றம். இதையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்ட சகபாவிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் புத்தளம், கற்பிட்டிப் பக்கத்து முஸ்லிம் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்துக்குப் படம் எடுக்கிறவள். ஆண்கள் வராத அறையில், தலைத்துணி இல்லாமல், முழு அலங்காரத்தோடு இருக்கும் பெண்களை எடுப்பது என் வேலை. இதில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. வைபவம் முடிந்ததும் கமராவைத் திறந்து, மெமரி கார்டை உருவி, மணப்பெண்ணுடைய உம்மாவின் கையில் வைத்துவிட்டு வர வேண்டும். ஒரு பிரதிகூட நம்மிடம் தங்கக் கூடாது. இத்தனை வருடம் எடுத்தும் என் திறமையைக் காட்ட என்னிடம் ஒரு படமும் இல்லை. அதனால்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒரே ஒரு படம் வெளியே போனால் போதும், நான் வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

காற்று ஓய்ந்து, அலையில் பலகை ஓட்டும் வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்பிய மாதம் ஒன்றில், கற்பிட்டிக் கடற்கரை ஹோட்டலில் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் முகாம் போட்டார். படம் எடுத்து எடுத்தே மனிதன் தன்னைத் தானே கண்டுபிடிக்கலாமாம். எல்லோரும் அவரைக் ‘கோச்’ என்றார்கள். கழுத்தில் மணிமாலை, காலில் செருப்பில்லை, வாயைத் திறந்தால் ‘பயணம்’. கமராக்களைக் கொடுப்பது, வாங்கி வைப்பது, பட்டரிக்குச் சார்ஜ் போடுவது, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டுவது, இவ்வளவையும் செய்ய என்னைக் கூப்பிட்டார். எனக்கோ கலியாணம் இல்லாத மாதம். ஓம் என்றுவிட்டேன்.

உள்ளே இருந்த இருட்டு

முதல் பயிற்சி இது: கடற்கரையில் நின்று, கண்ணை மூடி, மனம் சொல்லும் நேரத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணைத் திறந்துகொண்டு எடுக்கும்போதே நமக்கு யாருடைய தலையாவது வெட்டுப்பட்டுப் போகிறது, இவர்கள் மூடிக்கொண்டு எடுத்தார்கள். ஒருவருக்கு நண்டு வளை விழுந்தது, ஒருவருக்குத் தன் பெருவிரல், இன்னொருவருக்கு ஒன்றுமில்லாத வானம். கோச் ஒவ்வொன்றுக்கும் கண்ணை இடுக்கிப் பார்த்து அர்த்தம் சொன்னார். பெருவிரல்காரருக்குப் பிடிவாதமாம்.

சிலாபத்திலிருந்து வந்த வங்கி முகாமையாளர் ஒருவரின் படம் முழுக் கறுப்பு. அதைப் பார்த்ததும் கோச் குரலைத் தாழ்த்தி, “இது எவ்வளவு காலமா உங்களுக்குள்ள இருக்கு?” என்று கேட்டார். முகாமையாளர் யோசித்தார். பிறகு, தனக்கு வர வேண்டிய பதவி உயர்வு அதே வங்கியில் இருக்கும் மைத்துனனுக்குப் போனதையும், அன்றிலிருந்து அவன் வீட்டில் தான் கை நனைப்பதில்லை என்பதையும் சொன்னார். கோச் அவர் தோளில் கை வைத்தார். எதிரே நின்ற எனக்குக் கமராவின் முன்பக்கம் தெரிந்தது. லென்ஸின் மூடியை அவர் கழற்றவே இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சொல்லிவிட்டேன். முகாமையாளர் என்னைத்தான் முறைத்தார்.

“கொஞ்சம் பொறுங்க தங்கச்சி, இப்பதான் எனக்கு அழுகையே வருது.”

வீதியில் காத்திருந்தது

“உங்களைப் போல ஒன்று வெளியே இருக்கு. அது உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கு. போய் எடுத்துக்கொண்டு வாங்க” என்று கோச் எல்லோரையும் வீதிக்கு அனுப்பினார். மத்தியான வெயிலில் கற்பிட்டி வீதியில் என்ன காத்திருக்கப் போகிறது? கடைக்காரர்கள் லுஹர் தொழுகைக்குக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். இருந்தது ஒரு கழுதை. எங்கள் பக்கம் கழுதைகள் கேட்பாரில்லாமல் ஊருக்குள் திரியும். இது ஒரு காது கிழிந்த கழுதை, வெயிலுக்கு ஒதுங்கிப் பஸ் தரிப்பிடத்தில் நின்றது.

திரும்பி வந்ததும் படங்களைத் திரையில் போட்டார்கள். முதல் கழுதையைப் பார்த்துக் கோச் “பொறுமை” என்றார். அடுத்த கழுதைக்குச் “சுமை”. அதற்கடுத்ததற்கு, “யாருக்கும் கட்டுப்படாத ஆன்மா”. அதை எடுத்த பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கழுதைமேல் கழுதையாக வந்துகொண்டே இருந்தது. கம்பனி ஒன்றுக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் வேலையில் இருந்த கொழும்புப் பெண் ஒருத்தி, கிழிந்த காதைக் கவனித்துவிட்டுக் கையை உயர்த்தினாள்.

“கோச், எங்க எல்லாருக்கும் சேர்த்து இந்த ஒரு கழுதைதானா?”

சோகமாகப் பாருங்கள்

மறுநாள் படகில் உச்சமுனைக்குப் போனோம். அந்நியர் ஒருவரின் முகத்தில் நம் காயத்தைக் காண வேண்டுமாம். கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருவர், எங்கள் கூட்டத்தைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கோச்சுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. சிரிப்பில் காயம் தெரியாதே. கடலைப் பார்க்கச் சொன்னார், தலையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொன்னார், எதையோ இழந்ததை நினைக்கச் சொன்னார். ஆட்கள் மணலில் முழந்தாளிட்டுக் கமராவோடு காத்திருந்தார்கள்.

அந்த மனிதர் நல்லவர், சொன்னதையெல்லாம் செய்து பார்த்தார். ஆனால் தலையைத் தாழ்த்தும்போதெல்லாம் பக்கத்துப் பெட்டியில் குவிந்து கிடந்த மீன்தான் அவர் கண்ணில் பட்டது. மறுபடியும் முகம் மலர்ந்துவிட்டது. கடைசியில் அவருக்கே கோச்சைப் பார்த்துப் பாவமாகிவிட்டது.

“இண்டைக்கு நல்லா மீன் பட்டிருக்கு சேர். சோகம் வேணுமெண்டா வேறொரு நாளைக்கு வாங்க.”

பயத்தைப் படம் பிடி

முந்தலில் இறால் பண்ணை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவரும் முகாமில் இருந்தார். கரண்ட் போனால் தண்ணீருக்குக் காற்றடிக்கும் மெஷின் நின்று, இறால் செத்துப்போகும் தொழில். வாப்பா எந்த நேரமும் படபடப்பாக இருக்கிறார் என்று மகள்தான் சேர்த்துவிட்டிருந்தாள். ‘உங்கள் பயத்தைப் படம் பிடியுங்கள்’ என்ற பயிற்சிக்கு அவர் தன் போனைக் கதிரையில் வைத்து எடுத்து வந்தார். சிக்னல் இல்லாத போன். கோச் வெகுநேரம் பார்த்துவிட்டு, அது மௌனம் என்றார், உலகம் நம்மை மறந்துவிடுமோ என்ற ஆதிப் பயம் என்றார். ஹாஜியார் எழும்பிச் செருப்பைத் தேடினார்.

“உலகம் மறந்தா மறக்கட்டும் கோச், கரண்ட் போச்சா எண்டு பண்ணைக் காவல்காரன்ட்ட நான் எப்படிக் கேக்கிற?”

துணி போட்ட கண்ணாடி

இதுவரைக்கும் சிரித்தீர்கள். இனி எனக்குக் கோபம் வந்த கதை.

குறிஞ்சிப்பிட்டியைச் சேர்ந்த பர்ஹானா டீச்சரும் அந்த முகாமுக்கு வந்திருந்தார். ஊர்க்காரர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று கோச் கேட்டதில், ஹோட்டலில் வேலை செய்யும் அவருடைய தங்கச்சி கூட்டி வந்திருந்தாள். டீச்சர் பெரிய வருத்தத்தில் படுத்து எழும்பியவர். மருந்தில் முடியெல்லாம் கொட்டி, இப்போதுதான் விரல் நீளத்துக்கு, பாதி வெள்ளையாக முளைத்திருந்தது. வீட்டில் அலுமாரிக் கண்ணாடியில் துணி போட்டு மூடி வைத்திருப்பதாக என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்.

அன்றைய பயிற்சி, யாரும் பார்க்காதபோது இருக்கும் உங்களை நீங்களே எடுப்பது. “அறைக் கதவைப் பூட்டிக்கொள்ளுங்க. அந்தப் படத்தை உங்களைத் தவிர யாரும் பார்க்க மாட்டாங்க” என்று கோச் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். தானாக எடுக்கும்படி கமராவைச் சரிசெய்து கொடுக்க அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி ‘ராத்தா’ என்று டீச்சர் என்னை உள்ளே கூப்பிட்டார். தலைத்துணியைக் கழற்றி மடித்து வைத்தார். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ, அந்தக் குட்டை முடியை ஒருமுறை தடவிக்கொண்டு, கமராவை நேராகப் பார்த்தார். கமரா படம் எடுத்தது. இத்தனை கலியாணத்தில் அப்படி ஒரு முகத்தை நான் எடுத்ததில்லை. கோச் சொன்ன ஒன்று உண்மையிலேயே பலித்துவிட்டதே என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. டீச்சர் கமராவின் சின்னத் திரையில் தன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஊட்டுக்குப் போனதும் கண்ணாடில போட்ட துணிய எடுத்திருவன், ராத்தா.”

முகாமின் மிகச் சிறந்த படம்

சார்ஜ் போடும் மேசையில் கமராக்களை வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன், அவ்வளவுதான். கோச் ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டில் எழும்பி நின்று, “நாளைக் காலையில ஒரு படம் காட்டப் போறேன். ஒரு பெண் தன்ட முகமூடியைக் கழற்றின படம். அடுத்த முகாமுக்கு அதுதான் விளம்பரம்” என்றார். பர்ஹானா டீச்சர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். வெளியே வந்து என் கையைப் பிடித்தார். “பேஸ்புக்கில போட்டா எண்ட ஸ்கூல் பிள்ளைகள்ட வாப்பாமாரெல்லாம் பாப்பாங்க. துணிய எடுப்பன் எண்டேனே ராத்தா, இனி ஏலாது” என்றார்.

கோச்சிடம் போய், அந்தப் பெண்ணுக்கு விருப்பமில்லை, விட்டுவிடுங்கள் என்றேன். விருப்பமில்லை என்பதே அவர் இன்னும் திறக்காத கதவுதான் என்றார். நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள் என்றேன். “கமரா என்னுடையது, கார்டும் என்னுடையது. படம் மட்டும் எப்படி அவருடையதாகும்?” என்று கேட்டார். வாசலில் மணிமாலையும் வெறுங்காலும், உள்ளே அசல் கடைக்காரன். நான் போய் அந்தக் கமராவைத் திறந்தேன். கார்டை உருவி, கலியாண வீட்டில் செய்கிற மாதிரியே டீச்சரின் கையில் வைத்து மூடினேன். என் பையிலிருந்த புதுக் கார்டைக் கமராவில் போட்டேன். கார்டுக்குக் கார்டு, கோச்சுக்கு ஒரு நட்டமுமில்லை.

மறுநாள் காலை எல்லோரும் கதிரையில் உட்கார்ந்திருக்க, கோச் மெல்லிய இசையெல்லாம் போட்டு, அந்தக் கமராவைத் திரையோடு இணைத்தார். முழுக் கறுப்பு. வெறும் கார்டில் வேறென்ன தெரியும்? சிலாபத்து முகாமையாளர் மட்டும் முன்னால் குனிந்து, “கோச், இது யாருட இருட்டு?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். கோச் என் பக்கம் திரும்பினார். அவ்வளவு நேரம் இருந்த மெல்லிய குரல் எங்கே போனதோ தெரியவில்லை. திருட்டு என்றார், இனி எந்த ஹோட்டலிலும் எனக்கு வேலை கிடைக்காது என்றார். அப்போது பின்வரிசையில் டீச்சர் எழும்பினார். கார்டு தன்னிடம்தான் இருக்கிறது, ராத்தாவை ஏசாதீர்கள் என்றார். கோச் உடனே பழைய குரலுக்குத் திரும்பி, அந்தப் படத்தில்தான் நீங்கள் உங்களைக் கண்டீர்கள், உலகமும் காணட்டுமே என்றார். டீச்சர் உட்காரவில்லை.

“என்னைத் தேடச் சொன்னீங்க, நான் தேடிக் கண்டுட்டன். இனி என்னை நீங்க தேடத் தேவயில்ல, கோச்.”

விளம்பரம்

அன்றைக்கே என்னை அனுப்பிவிட்டார்கள். வாசல் வரைக்கும் என் பையைத் தூக்கி வந்தது ஹாஜியார்.

கொஞ்ச நாள் கழித்துக் குறிஞ்சிப்பிட்டியில் ஒரு கலியாணத்துக்குப் போனேன். மணப்பெண் பர்ஹானா டீச்சரின் அந்தத் தங்கச்சிதான். அவளை அலங்கரித்தது டீச்சரின் அறையில், அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால். கண்ணாடியில் துணி இல்லை. உம்மா இல்லாத வீடு என்பதால் முடிவில் கார்டை டீச்சரின் கையில்தான் கொடுத்தேன். அவர் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். “எண்ட படமும் நாலு எடுத்தீங்கதானே, ராத்தா?” என்று கேட்டார்.

திரும்பும் வழியில் ஹோட்டல் வாசலில் புது விளம்பரப் பலகை தொங்கியது. ‘உன்னை நீயே காண வா’ என்று பெரிய எழுத்து, கீழே கோச்சின் பெயர். டீச்சரின் படம் கிடைக்காத கோச், கையில் மிஞ்சியதைப் போட்டிருந்தார்: நடுவில், ஒரு காது கிழிந்து, பஸ் தரிப்பிடத்தில் நின்றபடி, நம் கழுதை.

இத்தனை வருடப் படத் தொழிலில், பெயருக்கு மேலே இவ்வளவு பொருத்தமாக அச்சடித்த முகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.