கெண்டைக்கால் இழுத்த காலை

முண்டியம்பாக்கம் தாண்டியதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வலது கெண்டைக்கால் சட்டென்று இழுத்துக்கொண்டது. சதை கல்லாக இறுகி உருண்டு நின்றது. கத்திக்கொண்டே சீட்டில் சாய்ந்துவிட்டேன்.

திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் விழுப்புரம் வந்து, ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். கூடவே வருகிற அக்காவுக்கு அதே கடையில் சுடிதார் பிரிவு. ரயிலில் எதிர் சீட்டில் இருந்தவர் காலை உதறச் சொன்னார். உதறினேன், வலி கூடியது. அக்கா கீழே உட்கார்ந்து என் முட்டியை அழுத்திப் பிடித்தார்.

"மடக்காதடி, நீட்டு" என்றவர் கால் விரல்களை என் முகத்துப் பக்கமாக மெல்லத் தள்ளினார். ரயில் விழுப்புரத்தில் நின்று, பெட்டி காலியான பிறகுதான் சதை இளகியது.

"காலையிலேர்ந்து எவ்ளோ தண்ணி குடிச்ச?"

"காப்பி குடிச்சேன்க்கா."

அக்காவும் கடைக்கு வரும் நாளில் தண்ணீர் குடிப்பதில்லை.

நொண்டிக்கொண்டே கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரமாகிவிட்டது. மேனேஜர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஏம்மா, தெனமும் ஒரு கதையா?"

அக்காதான் பேசினார். "தண்ணி குடிச்சா பாத்ரூம் போவணும் சார். போவணும்னா ஆம்பளைங்க எதிர்ல உங்களக் கேக்கணும். அதான் குடிக்காமலே நின்னுக்கினு கெடக்கறோம். இவளுக்கு இன்னிக்கு கால் இழுத்துக்கிச்சு."

பில் போடும் இடத்தில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மேனேஜர் உள்ளே போனார். மத்தியானம், இனிமேல் யாரும் கேட்க வேண்டாம், போய்விட்டு வரலாம் என்று சொல்லி அனுப்பினார். உட்கார ஸ்டூல் கேட்டோம். பிரிவுக்கு ஒன்று வந்தது, அதுவும் பல வாரம் கழித்து.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலைக் காட்டினேன். டாக்டரம்மா, இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் சொல்ல முடியாது என்றார். நாள் முழுக்க நிற்பதாலும் இருக்கலாம், தண்ணீர் குறைவதாலும் இருக்கலாம். அடிக்கடி இழுத்தாலோ கால் வீங்கினாலோ திரும்ப வரச் சொன்னார். சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையில் பதிய நிற்கச் சொல்லிக்கொடுத்தார்.

கடையில் கூட்டம் சேர்வதற்குள் நாங்கள் இருவரும் அப்படி நிற்கிறோம். வெயில் காலத்தில் இன்னும் எப்போதாவது இழுக்கிறது. முன்போல் கத்துவதில்லை. காலை நீட்டி விரலைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நிமிஷங்க" என்று சேலை பார்க்க வந்தவரிடம் சொல்கிறேன்.