அப்பாவுக்கு எந்த ஷிஃப்ட்?

"அப்பாவுக்கு எந்த ஷிஃப்ட்டு?"

மரியபுஷ்பம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். மதிப்பெண் எவ்வளவு, எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்பதெல்லாம் பிறகு. கேட்கும்போது தலை நிமிராது. வலது கை ஒரு மஞ்சள் துணியால் ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும். எதிரே நிற்கும் பிள்ளை ஃபர்ஸ்ட், செகண்ட், நைட் என்று ஏதாவது சொல்லும். அதை நீள நோட்டில் பெயருக்கு நேரே எழுதிய பிறகுதான் சான்றிதழ் உறையை வாங்கக் கை நீட்டுவார்.

நெய்வேலியில் பல வீடுகளில் குடும்பத்தின் கைபேசி எண் என்பது அப்பாவின் எண்தான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் அதையே கொடுப்பார்கள். கல்லூரி விண்ணப்பத்திலும் அதுவே ஏறிவிடும். கலந்தாய்வில் கல்லூரிகளின் வரிசையை உறுதிசெய்யும்போது அந்த எண்ணுக்கு ஆறு இலக்க ஓடிபி போகும். பத்து நிமிடத்துக்குள் அதைத் தட்டச்சு செய்யவேண்டும். சுரங்கத்துக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. அப்பா உள்ளே இருந்தால் ஓடிபி வெளியே ஒரு பெட்டிக்குள் கிடந்து காலாவதியாகும். ஆகவே, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வீட்டுப் பிள்ளைகளை மாலையில் வரச் சொல்வார். செகண்ட் என்றால் காலையில். அவருக்குப் பிடித்தது நைட். "ஆளு வூட்டுல தூங்கிகினு இருப்பாரு. ஒரு போன் போட்டு எழுப்பிட்டா முடிஞ்சிது."

கடை பத்தொன்பதாம் பிளாக்கில், தையல் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே இருக்கிறது. பெயர் 'ரெஜினா ஆன்லைன் சென்டர்'. ரெஜினா அவருடைய அம்மா. மரியபுஷ்பத்துக்கு ஐம்பத்துமூன்று வயது. பிறந்த ஊர் முத்தாண்டிக்குப்பம். கணவர் இன்னாசிராஜ் அனல்மின் நிலையத்தில் பெர்மனென்ட். கடையில் இரண்டு கணினி, ஒரு பிரின்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். ஆண்டுதோறும் நவம்பரில், ஓய்வூதியத்துக்காக நான் உயிரோடிருக்கிறேன் என்று கைரேகை வைப்பது இந்தக் கடையில்தான். மற்ற மாதங்களில் பக்கத்துக் கடை டீக்காகப் போய் இங்கே உட்கார்ந்துவிடுவேன்.

ஸ்கேனரை ஒரு நாளில் எத்தனை முறை துடைக்கிறார் என்று ஒருநாள் எண்ணினேன். நாற்பத்தொரு முறை. சாம்பல் துகள் எங்கிருந்தாவது வந்து கண்ணாடியில் உட்கார்ந்துவிடும். ஒருமுறை ஒரு பையனின் வேதியியல் மதிப்பெண் 95-க்கு நடுவே ஒரு துகள் விழுந்து, திரையில் 9.5 என்று வந்தது. அனுப்பும் முன் பார்த்துவிட்டார். அன்று முதல் துணி கையைவிட்டு இறங்குவதில்லை.

பிள்ளைகளைத் திரைக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்வார். இனிஷியல் முன்னே பின்னே ஆனால் விடமாட்டார். முதல் பட்டதாரிச் சான்று, சாதிச் சான்று, மாற்றுச் சான்று என வரிசை தவறாமல் அடுக்குவார். கல்லூரிகளை வரிசைப்படுத்துவதற்கு அவரிடம் ஒரே விதி உண்டு. "ஆசப்பட்டதெல்லாம் மேல போடு. பயந்ததெல்லாம் கீழ போடு. நடுவுல அம்மா சொன்னத போட்டுக்க." கடவுச்சொல்லைத் தானே தட்டச்சு செய்யமாட்டார், பிள்ளை தட்டும்போது சுவரிலுள்ள வேளாங்கண்ணி மாதா காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் புகைப்படங்கள். விண்ணப்பத்துக்கு எடுத்து, மீதியை வாங்கிப்போக மறந்த பிள்ளைகளின் பாஸ்போர்ட் அளவு முகங்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, சிரிக்க அவர் விடமாட்டார். போன மாதக் கணக்கில் இருநூற்றுப் பதினேழு. பிற்பகல் மூன்று மணிக்கு மேற்கு வெயில் சாய்வாக விழும்போது, அத்தனை கண்களும் கீழேயிருந்து நம்மையே பார்ப்பதுபோல இருக்கும். கையை மேசையில் வைக்கத் தோன்றாது. எடுத்து எறிந்துவிடலாமே என்று கேட்டதற்கு, "ஆளு வராம மூஞ்சிய எறியக் கூடாதுங்க சார்" என்றார்.

ஏப்ரல் மாதம் அவருக்கு வேறொரு வேலை உண்டு. விண்ணப்பங்கள் தொடங்கும் முன், இன்னும் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் எண்களையெல்லாம் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக அழைப்பார். எடுத்தவரிடம் மூன்றே சொல்: "நம்பர் உயிரோட இருக்குதா?" ஆனந்த்ராஜ் என்ற கிரேன் ஆபரேட்டர் ஒருமுறை, "நம்பரும் உயிரோடதான் இருக்குது, நானும் உயிரோடதான் இருக்கேன். என் பொண்டாட்டிக்குத்தான் சந்தேகம், அவகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிடுங்க" என்றார். மரியபுஷ்பம் சிரிக்காமல் டிக் அடித்துக்கொண்டார்.

இந்தப் பழக்கம் 2023 ஆகஸ்டுக்குப் பிறகு வந்தது.

அந்த ஆண்டு வெண்மதி என்ற பெண் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தாள். அப்பா பெயர் பாவாடை, சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. மே 16-இல் பதிவு. அன்றைய ஓடிபி மின்னஞ்சலுக்கும் வந்துவிட்டதால் எண்ணைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அப்பாவுக்கு எந்த ஷிஃப்ட் என்றதற்கு "நைட்" என்றாள். ஜூன் 9-இல் சான்றிதழ் ஏற்ற வந்தபோதும் "நைட்". ஆகஸ்ட் 9-இல் கல்லூரிகளை வரிசைப்படுத்த வந்தபோதும் "நைட்". மரியபுஷ்பம் மூன்று முறையும் அதையே எழுதியிருக்கிறார். இங்கே ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். மூன்று மாதம் ஒருவர் நைட்டிலேயே இருக்கமுடியாது. சுரங்கத்தில் நாற்பதாண்டு வருகைப் பதிவேடு எழுதிய எனக்கு அந்தப் பக்கத்தைக் கண்டதும் புரிந்திருக்க வேண்டும். ஆனால் நான் கண்டது பிந்தித்தான்.

ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை. வரிசையை உறுதிசெய்யக் கடைசி நாள். ஐந்து மணியோடு பக்கம் மூடிவிடும். தவறினால் அந்தச் சுற்றே கையைவிட்டுப் போகும். அவள் மதிப்பெண்ணுக்கு அடுத்த சுற்றில் அரசுக் கல்லூரி மிஞ்சாது, தனியார் கல்லூரிக்கு அவர்களால் முடியாது. நாலு இருபதுக்கு மரியபுஷ்பம் பொத்தானை அழுத்தினார். ஓடிபி போய்விட்டது என்றது திரை. அப்பாவை எழுப்பச் சொன்னார். அம்மா கைபேசியோடு வந்துகொண்டிருக்கிறார் என்றாள் வெண்மதி. ஓடிபி காலாவதியானது. நாலு முப்பத்தெட்டுக்கு அம்மா சாமியம்மாள் வந்தார். கைக்குட்டையில் சுற்றிய கைபேசியைப் பிரித்து மேசைமேல், முகங்களுக்கு மேலே வைத்தார். நூறு சதவீதம் சார்ஜ். சிக்னல் மட்டும் இல்லை.

அதில் ரீசார்ஜ் எப்போது செய்தது என்று மரியபுஷ்பம் கேட்டார். சாமியம்மாள் மகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவரு போயி பதினோரு மாசம் ஆவுதுங்க. நெஞ்சு வலி. சார்ஜ் மட்டும் தெனம் போட்டுகினு இருக்கோம்."

மரியபுஷ்பம் அவளைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார்.

"சொன்னா நம்பர மாத்தச் சொல்லுவீங்க ஆன்ட்டி" என்றாள் வெண்மதி. "சீட் கெடச்சா மெசேஜ் அப்பா நம்பருக்குத்தான் போவணும்னு நெனச்சேன். இன்கமிங் வரும்னு நெனச்சேன்."

நாலு நாற்பத்துநாலுக்கு மரியபுஷ்பம் ஓடிபியை மறுபடி அனுப்பச் செய்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, தன் கைபேசியை எடுத்து அந்த எண்ணை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டார்.

மணி போனது.

மேசைமேல் பாவாடையின் கைபேசி கிடந்தது. திரையில் வெளிச்சம் இருந்தது. அது அசையவில்லை, ஒலிக்கவில்லை. ஆனால் எங்கோ மணி போய்க்கொண்டிருந்தது. நாங்கள் நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழாவது மணியில் யாரோ எடுத்து, "ம்" என்றார். ஆண் குரல்.

வெண்மதி மரியபுஷ்பத்தின் கைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்பா, இப்ப ஒரு மெசேஜ் வந்திருக்கும்ப்பா. அதுல ஆறு நம்பர் இருக்கும். அத மட்டும் படிப்பா."

சாமியம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்தக் குரல், ஒவ்வொன்றாக, எழுதுவதற்கு இடம் விட்டுப் படித்தது. "நாலு. சைபர். ஏழு. ஏழு. சைபர். ரெண்டு." மரியபுஷ்பம் தட்டினார்.

"ஏறிகிச்சா?" என்றது குரல். "வெண்மதின்னு போட்டு மே மாசத்துலேந்து வந்துகினு இருக்குது. ஒண்ணயும் அழிக்கல. யாராச்சும் கேப்பாங்கன்னு வெச்சிகினு இருந்தேன்."

அழைப்பு நின்றது. வரிசை உறுதியானது என்று திரை காட்டியபோது மணி நாலு நாற்பத்தொன்பது.

நெடுநாள் ரீசார்ஜ் செய்யாத எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படி அது யாருக்கோ போயிருக்கிறது. இதில் விளங்காதது ஒன்றுமில்லை. ஆனாலும், அன்றே எழுதிவைத்த சிலவற்றை இங்கே விடமுடியாது. அந்தக் குரலுக்குப் பின்னால் விடாத ஓர் இரைச்சல் இருந்தது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓடும்போது வரும் இரைச்சல் எனக்குத் தெரியும். இது அதுவா என்று உறுதியாகச் சொல்லமாட்டேன், மழையாகவும் இருக்கலாம். அன்று நெய்வேலியில் மழை இல்லை. வெளியே வரும்போது சாமியம்மாள் யாரையும் பார்க்காமல், "அவரும் சைபர்னுதான் சொல்லுவாரு" என்றார். நகரியத்தில் பாதிப் பேர் சைபர் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அப்பா என்று கூப்பிட்ட பெண்ணை, நீ யாரம்மா என்று அந்த மனிதர் கேட்கவில்லை.

வெண்மதிக்கு ஓர் அரசுக் கல்லூரியில் மின்னியல் கிடைத்தது. எண்ணை மாற்றுவதற்கான படிவத்தை மரியபுஷ்பம் அந்த வாரமே முழுவதும் நிரப்பிவிட்டார். வெண்மதி கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, "இருக்கட்டுமே ஆன்ட்டி" என்றாள். அது இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தேதி மட்டும் போடவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு ஓடிபி தேவைப்பட்டதெல்லாம் உதவித்தொகைக்கும் விடுதிக்கும்தான். அவள் விடுதியில் பொத்தானை அழுத்துவாள். இரண்டு நிமிடத்துக்குள் மரியபுஷ்பத்தின் கைபேசிக்கு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வரும். அந்த மனிதருக்குத் தெரிந்தது, அன்று தன்னை அழைத்த இவருடைய எண் ஒன்றுதானே. ஆறு இலக்கம், பிறகு "ஏறிகிச்சா?" அவ்வளவுதான். மரியபுஷ்பம் அதை வெண்மதிக்குச் சொல்வார். இதுவரை ஐந்து அழைப்புகள். காலை ஆறு ஐம்பது, பதினொன்று பதினான்கு, பிற்பகல் மூன்று நாற்பது, இரவு எட்டு இரண்டு, மறுபடி காலை. ஒருமுறையும் தாமதமில்லை. இரைச்சல் எல்லாவற்றிலும் உண்டு. "எல்லாருக்கும் ஷிஃப்ட்டு எழுதறேன். இவருக்கு எதுன்னே தெரியல சார்" என்றார் ஒருநாள். வெண்மதியின் பெயருக்கு நேரே இன்னும் 'நைட்' என்றுதான் இருக்கிறது. ஏப்ரலில் எல்லா எண்களையும் அழைக்கிறவர், அந்த ஓர் எண்ணை அழைப்பதில்லை.

அவர் யார், எந்த ஊர் என்று விசாரித்து எழுதிவைத்துக்கொள்ளலாமே என்று சொன்னேன். அரை மணி நேர வேலை. மரியபுஷ்பம் துணியை உதறினார்.

"கேட்டா யாரோ ஒருத்தரு ஆயிடுவாரு சார். வேணாம்."

மரியபுஷ்பம் யாருக்காகவும் நாற்காலியைவிட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. கவுன்சிலர் வந்தாலும், பங்குத்தந்தை வந்தாலும் உட்கார்ந்தபடியே வணக்கம். முழங்கால் வலி என்று எல்லாரும் விட்டுவிடுவார்கள். டீக்கடை பெனடிக்ட் அவருக்கு வைத்த பெயர் 'ஆணி'.

சென்ற நவம்பர் 12-இல் உயிர்வாழ் சான்றுக்காகப் போயிருந்தேன். வயதான விரல், கருவி இரண்டு முறை ஏற்கவில்லை. கட்டைவிரலை ஈரத்துணியில் துடைத்து மூன்றாம் முறை வைக்கச் சொன்னார். வைத்தேன். கண்ணாடிக்குள் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. அப்போது அவர் கைபேசி ஒலித்தது. திரையில் 'பாவாடை நைட்' என்று பெயர் வந்தது. மணி காலை பதினொன்று ஐந்து.

மரியபுஷ்பம் என்னிடம் விரலை எடுக்கவேண்டாம் என்று கையைக் காட்டினார். மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு கையையும் முகங்களின்மேல் ஊன்றி, மெதுவாக எழுந்து, வெறுங்காலுடன் நேராக நின்றுகொண்டு, பேனாவை எடுத்தார்.