விழச் சொல்லித் தருகிறவர்

டீச்சர், கடையில் போடும் காக்கிக் கோட்டைப் பயிற்சி அறை வாசலுக்கு வெளியிலேயே கழற்றி மூன்று தடவை உதறுகிறார். பிறகு பார்சல் ஒட்டுகிற டேப்பைப் பசை வெளிப்பக்கம் வருமாறு உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு கழுத்து, முழங்கை, காது மடல், தலைமுடி என்று ஒற்றி ஒற்றி எடுக்கிறார். டேப்பை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஊசிமுனை அளவில் நாலைந்து இடத்தில் மின்னும். கண்ணாடித் தூள். அதற்கப்புறம்தான் உள்ளே வருவார். வந்ததும் மண்டியிட்டு, நீல விரிப்பு முழுவதையும் வெறும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே சுவருக்குச் சுவர் போவார். பத்து நிமிடம் ஆகும். அதுவரை நாங்கள் வெளியே நிற்க வேண்டும்.

“துடைப்பம் இருக்கே டீச்சர், எதுக்கு இந்தப் பாடு?” என்று எங்களோடு பயில்கிற, லாரி ஓட்டுகிறவர் ஒருநாள் கேட்டார்.

“துடைப்பத்துக்கு வலிக்காது. எனக்கு வலிக்கும். அதான் கை.”

பகலில் அவர் கண்ணாடி வெட்டுகிறவர். தெருமுனைக் கடையில், கம்பளி விரித்த மேசைமேல், சிறு சக்கரம் பதித்த கருவியை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே கோடாக இழுப்பார். கீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். “அதே கோட்டுல ரெண்டாந்தரம் போனா கண்ணாடி கோவிச்சுக்கும்” என்பார். தன்னைவிட உயரமான தகட்டைத் தூக்கிக்கொண்டு காற்றடிக்கும் தெருவைக் கடக்கும்போது பார்க்க வேண்டும். காற்றோடு மல்லுக்கட்ட மாட்டார். காற்று திரும்பினால் அவரும் அரைவட்டம் திரும்புவார். பாதம் தரையை விட்டு எழும்பாது. சைக்கிள்காரர்கள் காலை ஊன்றி நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

மாலை ஆறு மணிக்கு, மரக்கடைக்கு மேலே உள்ள மாடி அறையில், இதே நடைதான் ஐகிடோ ஆகிறது. தாக்க வருகிறவனின் வேகத்தைத் தடுக்காமல், அவன் போகும் திசையிலேயே கூடப்போய் அவனைக் கீழே இறக்கிவிடுகிற ஜப்பானியக் கலை அது. நூறு கிலோவுக்குக் குறையாத லாரிக்காரர் பாய்ந்து வருவார். கதவைத் திறந்து ஒருவரை உள்ளே விடுவதுபோல டீச்சர் ஓரடி விலகித் திரும்புவார். அடுத்த நொடி லாரிக்காரர் கூரையைப் பார்த்துக் கிடப்பார். “என்னைத் தொட்ட மாதிரியே இல்ல டீச்சர். தரைதான் தொட்டுச்சு” என்று படுத்தபடியே சொல்வார்.

நான் அவரைத் தேடிப் போனது சண்டை கற்க அல்ல. அக்காவுக்காக. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷினில் உட்கார்ந்து, எங்கள் வீட்டின் முதல் பட்டத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் அவள். உள்காதில் ஏதோ கோளாறு வந்து, நின்ற இடத்தில் அறை சுழன்று விழ ஆரம்பித்தாள். ஒருமுறை மாடிப்படியில் விழுந்து, கையை ஊன்றி, இடது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, பயம் கூடிக்கொண்டே போனது. வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தலைசுற்றல் குறையும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். மூன்று மாதத்துக்குள் வந்தால் மெஷின் உனக்கு, இல்லையென்றால் வேறு ஆள் என்றார் தொழிற்சாலை மேற்பார்வையாளர். “சமையக்கட்டு வரைக்கும் போக முடியல, பஸ் ஏறவாடா?” என்றாள் அக்கா.

படித்தவன் அல்லவா, ஒன்பது கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு, அக்கா விழாமலிருக்கச் சொல்லித் தரும் தற்காப்புக் கலை ஆசிரியரைத் தேடிப் புறப்பட்டேன். முதலாமவர், “இங்க சேர்ந்தா விழவே மாட்டாங்க, கேரண்டி” என்றார். இரண்டாமவரின் மாணவர்கள் அவர் கையை அசைக்கும் முன்பே பறந்து விழுந்தார்கள்; வாய் பிளந்து பார்த்தேன், நோட்டில் டிக் போட்டேன். மூன்றாவதாகக் கண்ணாடிக் கடை. ஜன்னலுக்கு அளவு குறித்துக்கொண்டே என் பேச்சைக் கேட்டவர் பென்சிலைக் காதில் செருகினார்.

“விழாம இருக்க எனக்குச் சொல்லித் தரத் தெரியாது தம்பி. விழுறதுக்குச் சொல்லித் தருவேன். டாக்டர் சரின்னு சொல்றாரான்னு முதல்ல கேட்டுட்டு வா.”

சான்றிதழ் உண்டா என்பது என் நான்காவது கேள்வி.

“பீரோவுல இருக்கு, கொண்டு வரேன். ஆனா அதுக்கு விழத் தெரியாது.”

கோட்டுக் கையை மடித்துக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு வெள்ளைத் தழும்பு. தகட்டைத் தூக்கிக்கொண்டே விழுந்திருக்கிறார். “விட்டுட்டு விழுந்திருக்கணும். எனக்கு விடத் தெரியல. அதுக்கப்புறம்தான் கத்துக்கப் போனேன்.” நோட்டை மூடிப் பையில் வைத்தேன்.

டாக்டர் சரி என்றார். முதலில் நான் சேர்ந்தேன். “மணிக்கட்டப் பிடி” என்றார் டீச்சர். பெரியவர்கள் கையை எப்படிப் பிடிப்பது? பூவைத் தொடுவதுபோலப் பிடித்தேன். அவர் தோளைத் திருப்பினார். நான் பணிவாக விழுந்தேன்.

“யாரு தள்ளினா?”

“நீங்கதான் டீச்சர்.”

“நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!”

லாரிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. “எனக்காக விழாத தம்பி. உங்க அக்கா நிஜமா விழப் போறாங்க. பொய் விழுகையப் பார்த்து அவங்க என்னத்தக் கத்துக்குவாங்க?” பிறகு இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அவர் திரும்பினார், நான் அசையவில்லை. எல்லார் முன்னாலும், முகம் சுளிக்காமல், “வரல. மறுபடி” என்றார். பதினாறு வருடம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறேன். ‘எனக்கு வரவில்லை’ என்று ஒரு ஆசிரியர் தன்னைப் பற்றியே சொல்லி அன்றுதான் கேட்டேன். மறுபடி திரும்பினார், அவருக்கு வந்தது. விரிப்பில் விழுந்த எனக்கு அது உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தெரிந்தது.

அக்காவை மூன்று வாரம் விரிப்பில் ஏற்றவேயில்லை. மடக்கு நாற்காலி ஒன்றை டேப்பால் ஒற்றி, சுவரோரம் போட்டு உட்கார வைத்தார். “பாருங்க, போதும்.” நாலாவது வாரம், “வந்து படுங்க” என்றார்.

“படுக்கவா?”

“படுத்திருக்கிறவங்க எங்க விழுவாங்க? அங்கிருந்து ஆரம்பிப்போம்.”

படுத்து உருளுதல். பிறகு உட்கார்ந்து. பிறகு குந்தி. கடைசியில் நின்று. நாடி நெஞ்சில், பார்வை தொப்புளில், முதுகு வளைந்து, வலது கை விரிப்பில் பட்டென்று அறைய வேண்டும். “கை ஊனாதீங்க, கை ஊனாதீங்க” என்பதை ஆயிரம் முறை சொல்லியிருப்பார். ஒருமுறைகூடக் குரல் ஏறியதில்லை. “இந்த வயசுல தொப்புளப் பார்க்கச் சொல்றாங்கடா” என்று வீட்டில் வந்து சிரித்தாள் அக்கா. ஆனால் அந்த நாற்காலியை அவள் விடவில்லை. ஒவ்வொரு உருளலுக்கும் பிறகு கண் அங்கே போகும், கை அதன் முதுகைத் தேடும். எடுத்துவிடலாமே என்று நான் கேட்டதற்கு டீச்சர், “அது பாட்டுக்கு இருக்கட்டும். உனக்கென்ன அவசரம்?” என்றார்.

பதினோராவது வாரம், போன வியாழக்கிழமை. அடுத்த திங்களன்று அக்காவின் கெடு முடிகிறது. வரிசையில் தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்மணி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். எனக்குத் தெரியும் அது, தலைசுற்றல் வருகிறது. நான் பாய்ந்தேன். டீச்சரின் கை என் நெஞ்சுக்குக் குறுக்கே கதவுத் தாழ்ப்பாள்போல விழுந்து நிறுத்தியது. லாரிக்காரர் “ஐயோ” என்றார்.

அக்காவின் முழங்கால் மடங்கியது. நாடி நெஞ்சில் ஒட்டியது. முதுகு வளைந்து இறங்கியது. பட்.

கண்ணை மூடியபடியே கிடந்தாள். அவளுக்குள் அறை சுழன்று நிற்கிற வரை டீச்சர் என் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

டீச்சர் அவள் பக்கத்தில் குந்தினார். “யாரு தள்ளினா?”

“யாரும் இல்ல டீச்சர். தலைதான்.” கண்ணைத் திறந்தாள். இடது கையைத் தூக்கி, வேறு யாருடையதோபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கை ஊனல டீச்சர்.”

“பார்த்தேன்.”

மெதுவாக, யார் கையையும் கேட்காமல், அக்கா எழுந்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்து நின்றாள். டீச்சர் சுவரோரம் போய் அந்த நாற்காலியை மடக்கினார். வாசலுக்கு வெளியே, எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் அதைச் சாத்தி வைத்துவிட்டு வந்து கதவை மூடினார்.