காருக்கு முன்னால் நடந்தவர்

ஊத்துக்கோட்டைப் பக்கம் இருக்கும் மிருகக்காட்சிசாலையைப் புதுப்பித்தார்கள். பளபளவென்று உணவகம் கட்டினார்கள். நடந்து போகிற பாதையில் கார்களையும் உள்ளே விட்டார்கள்.

மான்கள் இருக்கும் வேலியருகே ஒரு பெண் காவலர் நிற்பார். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, வெயிலில் கறுத்த முகம். வேகமாக வரும் காரின் முன்பக்கத்தைக் கையால் ஓங்கித் தட்டி நிறுத்துவார்.

நான் மகளோடு போயிருந்த அன்று ஒரு பெரிய கார் அங்கே நின்று, மான்கள் திரும்பிப் பார்க்கவேண்டுமென்று விடாமல் ஹாரன் அடித்தது. மிரண்டு ஓடிய சினை மான் ஒன்று கம்பிவேலியில் மோதி விழுந்தது. காருக்குள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

காவலர் ஓடிவந்து காரில் அறைந்தார். "எறங்குய்யா கீழ!"

"இது யார் வண்டி தெரியுமா?" என்றான் ஓட்டிவந்தவன்.

"எவன் வண்டியா இருந்தா எனுக்கு இன்னா? வவுத்துல குட்டிய வச்சிக்கினு வுழுந்து கெடக்குதே, அதுக்குத் தெரியுமா யார் வண்டின்னு?"

மேற்பார்வையாளர் வந்தார். மானை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பேஜாரு பண்ணாதம்மா, வண்டிய வுடு" என்று இவரைத்தான் திட்டினார்.

"வுட்டுட்டேன் சார்" என்றவர், காருக்கு முன்னால் நடுப்பாதையில் நடக்கத் தொடங்கினார். ஹாரன் அலறியும் வாசல்வரை ஒதுங்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. கார் அவர் பின்னால் ஊர்ந்தது.

அடுத்தமுறை போனபோது அவர் இல்லை. மான் அன்றே செத்துப்போனதாம். மறுநாளே அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்களாம்.

அத்தனை வசதிகள் செய்தவர்களுக்கு அவர் ஒருவர் மட்டும் எப்படி இடைஞ்சலாகப் பட்டார்? நினைக்கும்போதெல்லாம் ஆத்திரம்தான் வருகிறது.