மகன் பெயர் வெட்டிய காப்பு

போன ஆடி மாதம், திண்டுக்கல்லுக்குத் தெற்கே எங்கள் ஊர்ச் சுடுகாடு. அன்று அங்கே நின்றவர்கள்: நான், என் மனைவியின் அண்ணன், என் தம்பி, எரிக்கிறவர், என் மருமகள். படுத்திருந்தது என் மனைவி.

எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். மருமகள் நிற்கவில்லை, கூடவே வந்துவிட்டாள். அதற்குக் காரணம் ஒரு காப்பு. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

என் மகன் ராணுவத்துக்குப் போனவன். வடக்கே மலையில் அவர்கள் போன வண்டி ஆற்றில் விழுந்தது. கூடப் போனவர்களின் உடல்கள் கிடைத்தன. அவன் கிடைக்கவில்லை. காணவில்லை என்றுதான் தகவல் வந்தது, இறந்துவிட்டான் என்று இல்லை. அதனால் நாங்கள் காரியம் செய்யவில்லை. மருமகள் பொட்டை அழிக்கவில்லை.

அமெரிக்காவில் காணாமல் போன சிப்பாயின் பெயரைக் காப்பில் வெட்டிக் கையில் போட்டுக்கொள்வார்களாம். ஆள் வந்த பிறகுதான் கழற்றுவார்களாம். மருமகள் செல்போனில் பார்த்துச் சொன்னாள். திண்டுக்கல்லில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிறவரிடம் மூன்று பேரும் போனோம். ஆளுக்கு ஓர் எவர்சில்வர் காப்பு. அதில் அவன் பெயர், காணாமல் போன தேதி. என் மனைவிக்குத் தடித்த கை. சோப்புப் போட்டுத்தான் ஏற்றினோம்.

"ஏத்துறதுக்கே இம்புட்டுப் பாடு. எப்படிக் கழட்டுவ?" என்றேன்.

"நான் எதுக்குக் கழட்டுறேன்? அவன் வந்து கழட்டட்டும். சோப்பும் அவனே வாங்கிட்டு வரட்டும்" என்றாள். பெயர் வெட்டுகிறவர் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு.

அப்புறம் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. கை குச்சியாகிவிட்டது. காப்பு நழுவியது. பெரிதாகிப்போன மோதிரத்துக்குச் சுற்றுவது மாதிரி அதில் நூல் சுற்றிக் கையோடு கட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் கழற்றவில்லை. நான் போனாலும் இதை யாரையும் கழற்ற விடாதே என்று மருமகளிடம் சொல்லி வைத்திருந்தாள்.

சுடுகாட்டில் தாலி, தோடு, மூக்குத்தி எல்லாம் எடுத்தாயிற்று. மச்சான் அந்த நூலில் கை வைத்தார்.

"வேணாம் பெரியப்பா. கழட்டக் கூடாதுன்னு அத்தை சொல்லியிருக்காங்க" என்றாள் மருமகள்.

"நீ இங்க வந்ததே தப்பு. இதுல பேச்சு வேறயா?"

"திட்டுங்க, கேட்டுக்கிறேன். காப்பு மட்டும் இருக்கட்டும்."

மச்சான் கையை எடுத்துவிட்டார். கோபமாகக் கத்துவார் என்று நினைத்தேன். குரல் உடைந்துதான் வந்தது.

"தாயி, அதுல இருக்கிறது யாரு பேரு? அவன் உசுரோட இருக்கான்னுதான நீ பொட்டு வச்சிருக்க? அவன் பேரை இந்தத் தீயில வைக்கச் சொல்றியா?"

இது எங்கள் யாருக்கும் அதுவரை தோன்றவில்லை.

"எதுன்னாலும் சட்டுன்னு சொல்லுங்கண்ணே. காத்து தூக்குது" என்றார் எரிக்கிறவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காப்பைக் கையிலேயே விட்டால் மகனுக்கும் சேர்த்துத் தீ வைத்த மாதிரி. எடுத்தால் அவள் கடைசியாகக் கேட்டதை மறுத்த மாதிரி.

மருமகள்தான் குனிந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். காப்பு தானாக வந்தது. அதைத் தன் கையில், தன் காப்புக்கு மேலே போட்டுக்கொண்டாள்.

"கழட்டல அத்தை. ஒங்க கையிலருந்து என் கைக்கு மாத்தியிருக்கேன், அம்புட்டுத்தான்" என்று காதோரம் சொன்னாள். பிறகு யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். மச்சான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மகன் வைக்க வேண்டிய கொள்ளியை நான் வைத்தேன்.

இப்போது மருமகள் பாத்திரம் துலக்கும்போது இரண்டு காப்பும் உரசும். அந்தச் சத்தம் கேட்டால் நான் தோட்டத்துக்குப் போய்விடுவேன். அவள் செய்தது சரியா, தெரியாது. மகன் இருக்கிறானா, அதுவும் தெரியாது. வந்தால் அவன் கழற்ற வேண்டிய காப்பு மூன்று.