திருப்புளி அண்ணனின் பதில்

மைக்ரோவேவ் அடுப்பு பழுதுபார்க்கும் அவர் யாரையும் எளிதில் நம்புகிறவர் அல்ல. கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிடுவார். பின்னால் ஒரு பேச்சு வரக் கூடாது. யோசிக்காமல் அள்ளிக் கொடுத்தது ஒன்றைத்தான்: இணைய மன்றம் ஒன்றில், கடையில் ஆள் வராத மத்தியானங்களில், 'திருப்புளி அண்ணன்' என்ற பெயரில் பதினோரு வருடம் எழுதிய பதில்களை.

போன வாரம் ஒரு கணக்கு ஆசிரியர், பிரித்துப்போட்ட அடுப்பைப் பையில் தூக்கிக்கொண்டு வந்தார். கக்கத்தில் ஒரு புத்தகம்.

"இதைப் பாத்துத்தான் பிரிச்சேன். திரும்பப் பூட்டத் தெரியலை."

"பிளக்கைப் பிடுங்கின உடனே பிரிச்சீங்களா?"

"இல்லை, ஒரு வாரம் சும்மா கெடந்துது. ஏன் கேக்கறீங்க?"

கடைக்காரர் புத்தகத்தை வாங்கிப் பக்கத்தைப் புரட்டினார். மன்றத்தில் அவர் எழுதிய பதில்தான். 'பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தைரியமாகப் பிரியுங்கள்.' அவசரத்தில் எழுதியது. மறுநாளே கீழே திருத்தமும் போட்டிருந்தார்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், தொட்டால் ஆளைக் கொல்லும். புத்தகத்தில் திருத்தம் இல்லை. அடுத்த பக்கத்தில் சலவை இயந்திரம் ஆரம்பித்திருந்தது.

மன்றத்தை வாங்கிய நிறுவனமே புத்தகத்தையும் போட்டிருந்தது. அங்கே கூப்பிட்டபோது போனை எடுத்தது ஒரு பெண்.

"சேரும்போது நிபந்தனைக்கு டிக் போட்டிருக்கீங்க சார். நீங்க எழுதினதை நாங்க விக்கலாம்."

"வித்துக்கோம்மா. திருத்தம் எங்க?"

"பக்கம் பத்தலை சார்."

"ரெண்டு வரிக்கா?"

"அடுத்த பதிப்புக்கு மறுபடி மன்றத்துல இருந்துதான் எடுப்போம். அப்பப் பாக்கறோம்."

"யாரு பாப்பா?"

"டீம் சார்."

பயமுறுத்தும் வரி இருந்தால் புத்தகம் விற்காது, வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. போனை வைத்த பிறகு தோன்றியது உறுதியானது.

வீட்டுக்கு வந்து மன்றத்தைத் திறந்தார். புதிய நிபந்தனைகள். இனி எழுதுவதும் நிறுவனத்துக்கே சொந்தம். டிக் போட்டால்தான் உள்ளே விடும். போட்டார்.

"மறுபடியுமா? ஒரு தடவை மொட்டையடிச்சது பத்தலையா?" என்றாள் மனைவி.

"எடுக்கட்டும். அவங்க எடுக்கணும்னுதான் எழுதறேன்."

பழைய பதிலை அழித்துவிட்டுப் புதிதாகப் பத்து வாக்கியங்கள் எழுதினார். பத்திலும் கெபாசிட்டர் வந்தது. கடைசியில் ஒட்டவைத்ததாக அல்ல, நடுவில்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "சொன்னதையே பத்து தடவை சொல்றீங்களே. படிக்கிறவன் அடிக்க வரமாட்டானா?"

"ஒன்பதை வெட்டினாலும் ஒண்ணு மிஞ்சும்."

"கெபாசிட்டர்ங்கற பேச்சை மட்டும் பத்துலயும் உருவிட்டா?"

அவர் திரையில் அந்தச் சொற்களை மட்டும் விரலால் மறைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். முதல் ஆறு வாக்கியங்கள் அவை இல்லாமல் குழறின. ஏழாவது அவை இல்லாமலும் ஒழுங்காக இருந்தது. அதை அழித்தார்.